மளிகைக் கடைக்காரர் மகன் போட்ட வழிக்கணக்கு



போன செமஸ்டர் நெட்வொர்க் லேப் பிராக்டிகலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ரூட்டர் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்றார். குறுகிய வழியை சார் என்று டக்கென்று சொன்னேன். எதில் குறுகியது, தூரத்திலா, நேரத்திலா, வேறு எதிலாவதா என்று திருப்பிக் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் பெல்மேன்-ஃபோர்டு அல்காரிதம் என்று அழகாகத் தலைப்பு எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன். ஆனா அந்த பெல்மேன் யார், அவர் எதைக் கணக்குப் போட்டார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். என் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் சொன்னார், மார்க்கெட்டுக்குப் போக ரெண்டு ரோடு இருக்கு, கிலோமீட்டர் பார்த்தா ஊருக்குள்ள போறதுதான் கம்மி, ஆனா காலையில அதுல போனா ரயில்வே கேட்டுல அரை மணி நிக்கணும், அதனால சுத்து ரோடுதான் கிட்டக்க என்று. சொல்லிவிட்டு, இதுக்கா நீ முழிச்சே என்று சிரித்தார்.

நூலகத்தில் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. அப்பா சொன்ன அதே விஷயத்தில் இருந்துதான் பெல்மேனும் தன் கட்டுரையைத் தொடங்கியிருக்கிறார். அந்த மனிதரின் வாழ்க்கையை நம் மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர் வாழ்க்கை தெரிந்தால் அவர் கணக்கும் புரியும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

புரூக்ளின் சிறுவன்

ரிச்சர்டு எர்னஸ்ட் பெல்மேன் 1920 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். போலந்து, ரஷ்யா பக்கமிருந்து வந்து குடியேறிய யூத வம்சாவளிக் குடும்பம். தந்தை ஜான் ஜேம்ஸ் பெல்மேன் புரூக்ளின் பகுதியில் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். பையனுக்கு 9 வயது ஆனபோது அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்துக்கொண்டது. கோடிக்கணக்கானவர்கள் வேலை இழந்த காலம் அது.

1937-இல் ஆபிரகாம் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்தார். அடுத்து புரூக்ளின் கல்லூரி. நியூயார்க் நகரம் நடத்திய கல்லூரி அது. அந்த நாளில் அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. சாதாரண வீட்டுப் பிள்ளைகள் ஏறி வருவதற்காக ஊரே சேர்ந்து போட்டுக் கொடுத்த படிக்கட்டு என்று சொல்லலாம். அதில் ஏறித்தான் 1941-இல் கணிதத்தில் பட்டம் வாங்கினார். உதவித்தொகையில் படிக்கும் நமக்கெல்லாம் அந்தப் படிக்கட்டின் அருமை தெரியும், இல்லையா?

பிறகு இரண்டாம் உலகப் போர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1943-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் ராணுவத்தினருக்கு எலெக்ட்ரானிக்ஸ் பாடமும் நடத்தினார். அதன் பின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் கோட்பாட்டு இயற்பியல் பிரிவில் வேலை. போர் முடிந்ததும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1946-இல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். அப்போது வயது 26.

அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் சாலமன் லெஃப்ஷெட்ஸ். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாலிடெக்னிக் மாணவனாக எனக்கு மனசு கேட்காது. லெஃப்ஷெட்ஸ் முதலில் ஒரு இன்ஜினியர். 1907-இல் பிட்ஸ்பர்க் நகரில் வேலை செய்யும்போது டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இரண்டு கைகளையும் இழந்தார். இன்ஜினியர் வேலை போயிற்று. போனதை நினைத்து உட்கார்ந்துவிடாமல் கணிதம் படித்து, உலகமே மதிக்கும் கணித மேதை ஆனார். அப்படிப்பட்டவரிடம் பாடம் கேட்டவர்தான் நம் பெல்மேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நல்ல வேலையை விட்டவர்

பெல்மேனுக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை. நம் வீட்டில் என்றால் ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பார்கள். ஆனால் விடுமுறைக் காலங்களில் சான்டா மோனிகாவில் இருந்த ராண்ட் நிறுவனத்துக்குப் போய் வேலை செய்து பார்த்தவருக்கு அங்கே இருந்த நிஜமான கணக்குகள் பிடித்துவிட்டன. எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு வைப்பது, இருக்கிற பணத்தை எப்படிப் பங்கிடுவது, அடுத்தடுத்து எடுக்கும் முடிவுகளை எப்படிச் சிறப்பாக எடுப்பது என்பன போன்ற கணக்குகள். 1952-இல் ஸ்டான்ஃபோர்டை விட்டுவிட்டு ராண்டுக்கே வந்துவிட்டார்.

அங்கே அவர் உருவாக்கிய முறைக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ராண்டுக்குப் படியளந்தது அமெரிக்க விமானப் படை. ஆராய்ச்சி, கணிதம் என்ற சொற்களைக் கேட்டாலே மேலிடத்தில் இருந்தவர்களுக்குக் கோபம் வருமாம். அதனால் யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு பெயராகப் பார்த்து வைத்ததாக அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1957-இல் இதே பெயரில் அவருடைய புத்தகமும் வந்தது.

பெயர் கிடக்கட்டும், விஷயத்துக்கு வருவோம். அந்த முறையின் உயிர்நாடி ஒரே ஒரு எண்ணம். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகச் சிறந்த வழி சிகாகோ வழியாகத்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதில் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை உள்ள பகுதியும் சிகாகோக்காரருக்குச் சிறந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தால் நாமும் அதிலேயே போயிருப்போமே! ஆக, சிகாகோவுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பது முடிந்துபோன கதை. நிற்கிற இடத்திலிருந்து மீதி வழி சிறந்ததா என்பது மட்டுமே கேள்வி. இதைத்தான் பாடப் புத்தகங்கள் பிரின்சிபிள் ஆஃப் ஆப்டிமாலிட்டி என்று சொல்லி நம்மைப் பயமுறுத்துகின்றன.

1958: ரோட்டுக் கணக்கு

1958-இல் ஒரு கணிதப் பத்திரிகையில் பெல்மேன் சில பக்கமே உள்ள ஒரு கட்டுரை எழுதினார். வழி காண்பது பற்றிய கட்டுரை. நிறைய ஊர்கள், ஒவ்வொரு இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு ரோடு. ரோட்டின் நிலைமையும் போக்குவரத்து நெரிசலும் இருப்பதால் போக ஆகும் நேரம் தூரத்துக்குத் தக்கபடி இருக்காது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மிகக் குறைந்த நேரத்தில் போவது எப்படி? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. படித்ததும் எனக்கு அப்பாவின் ரயில்வே கேட்டுதான் ஞாபகம் வந்தது.

எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்துவிட்டால் போச்சு என்று தோன்றும். முடியாது நண்பர்களே. கிளம்பும் ஊர், சேரும் ஊர், நடுவில் வெறும் 10 ஊர் என்று வைத்தாலே, ஒரு ஊருக்கு இரண்டு தடவை போகாத வழிகள் மொத்தம் 98,64,101 வருகின்றன! பெல்மேன் முறையில் இதே கணக்கு ஆயிரத்துச் சொச்சம் கூட்டல்களில் முடிந்துவிடும்.

எப்படி? க, ச, த, ப என்று நான்கு ரூட்டர்கள் இருக்கட்டும். க-விலிருந்து ப-வுக்குத் தகவல் போக வேண்டும். க-வுக்குப் பக்கத்தில் இருப்பவை ச, த இரண்டுதான். ச-வுக்குப் போகச் செலவு 2. த-வுக்குப் போகச் செலவு 5. இனி க செய்ய வேண்டியது இரண்டு பக்கத்து வீட்டுக்காரரையும் விசாரிப்பதுதான். ப-வுக்குப் போக உனக்கு எவ்வளவு ஆகும்? ச சொல்கிறது 7. த சொல்கிறது 3. ச வழியாகப் போனால் 2-உம் 7-உம் சேர்ந்து 9. த வழியாகப் போனால் 5-உம் 3-உம் சேர்ந்து 8. ஆக த வழிதான் சிறந்தது. கவனித்தீர்களா? பக்கத்தில் இருப்பது ச. ஆனால் சரியான வழி த. கிட்டே இருப்பதெல்லாம் நல்ல வழி ஆகிவிடாது.

எல்லா ரூட்டரும் இப்படியே விசாரித்து, கூட்டி, சிறியதை வைத்துக்கொண்டு, அதைப் பக்கத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தால் சில சுற்றுகளில் எல்லோருக்கும் சரியான விடை வந்துவிடும். இதில் அழகு என்னவென்றால், முழு மேப் யார் கையிலும் இல்லை. தன் ஒரு அடியின் செலவும் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் செலவும் தெரிந்தால் போதும். இந்தக் கூட்டுத் தொகைக்குத்தான் மெட்ரிக் என்று பெயர். (நம்ம ஊர் மெட்ரிக் பள்ளிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!)

நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த யோசனை பெல்மேன் ஒருவருக்கே உதித்ததல்ல. அதே ராண்ட் நிறுவனத்தில் இருந்த லெஸ்டர் ஃபோர்டு 1956-இலேயே இதை எழுதியிருந்தார். அதனால்தான் இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன. ஷிம்பெல், மூர் ஆகியோரும் அதே காலத்தில் இதையொட்டிச் சிந்தித்தவர்கள்.

ரோட்டிலிருந்து ஒயருக்கு

பெல்மேன் அந்தக் கட்டுரையை எழுதியபோது இன்றைய மாதிரியான கணினி நெட்வொர்க் உலகில் இல்லை. 11 ஆண்டுகள் கழித்து, 1969-இல் அர்பாநெட் தொடங்கியபோது அதன் முதல் ரூட்டிங் முறை இந்தக் கணக்கின் மேல்தான் நின்றது. ஒவ்வொரு நிலையமும் பக்கத்து நிலையத்திடம் கேட்டுக் கூட்டிக்கொண்டது. எந்த லைனில் எத்தனை பாக்கெட் வரிசையில் காத்திருக்கிறது என்பது அன்றைய மெட்ரிக்கில் முக்கியமாகச் சேர்ந்தது. ரயில்வே கேட்டில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணுவது மாதிரி!

1983-இல் பெர்க்லி யூனிக்ஸில் ரூட்டட் என்ற புரோகிராம் வந்தது. அந்த வழியில் வந்ததுதான் நாம் லேபில் செய்யும் ரிப் புரோட்டோகால். 1988-இல் அதை எழுத்து வடிவத்தில் வரையறுத்தார்கள். 30 விநாடிக்கு ஒரு தடவை ரூட்டர் தன் டேபிளைப் பக்கத்து ரூட்டர்களுக்குச் சொல்லும். மெட்ரிக் வெறும் ஹாப் எண்ணிக்கை. எத்தனை ரூட்டரைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

இதில்தான் ஒரு கோளாறு வருகிறது. க, ச, த மூன்றும் ஒரே வரிசையில் இருக்கட்டும். ச-விலிருந்து த 1 ஹாப். க-விலிருந்து ச வழியாக 2 ஹாப். திடீரென்று த-வுக்குப் போகும் ஒயர் அறுந்துவிட்டது. ச முழிக்கிறது. அந்த நேரம் பார்த்து க சொல்கிறது, எனக்கு த-வுக்கு 2 ஹாப்பில் வழி இருக்கு. அந்த வழியே தன் வழியாகத்தான் போகிறது என்று ச-வுக்குத் தெரியாது! நம்பி, 3 என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு க 4 என்கிறது. ச 5 என்கிறது. நாம் கிளப்பிய வதந்தி ஊரைச் சுற்றி நம்மிடமே செய்தியாகத் திரும்பி வருவது போல இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இதற்குத்தான் கவுன்ட் டு இன்ஃபினிட்டி என்று பெயர். 16 வந்துவிட்டால் வழியே இல்லை என்று பொருள் என ரிப்பில் முடிவு கட்டினார்கள். அதனால்தான் அதில் 15 ஹாப்புக்கு மேல் போக முடியாது. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோமோ அவரிடமே அந்த வழியைத் திருப்பிச் சொல்லாதே என்ற ஸ்ப்ளிட் ஹொரைசன் விதியும் இதற்காகத்தான். நான் இதை மனப்பாடம் செய்து மூன்று தடவை மறந்திருக்கிறேன். இப்போது மறக்காது.

ஹாப் எண்ணுவதில் இன்னொரு குறையும் உண்டு. ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராக ஒரு 64 கிலோபிட் லைன். சுற்று வழியில் மூன்று 10 மெகாபிட் லைன்கள். ரிப் கண்ணை மூடிக்கொண்டு நேர் லைனைத்தான் எடுக்கும், ஏனென்றால் அதுதான் ஹாப் கம்மி. 80 லட்சம் பிட் உள்ள ஒரு ஃபைல் அதில் போய்ச் சேர 125 விநாடி ஆகும். சுற்று வழியில் சில விநாடிதான். ஓ.எஸ்.பி.எஃப். இதைச் சரியாகப் பார்க்கும். நாம் லேபில் பயன்படுத்தும் முறைப்படி 100 மெகாபிட்டை லைனின் வேகத்தால் வகுத்தால் வருவது அதன் காஸ்ட். 10 மெகாபிட் லைனுக்கு 10. மூன்று லைனுக்கு 30. 64 கிலோபிட் லைனுக்கு 1562. எதை எடுக்கும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். (100 மெகாபிட்டுக்கும் ஜிகாபிட்டுக்கும் இதே கணக்கில் காஸ்ட் 1 என்றே வரும். அதனால் இன்றைய வேகமான லைன்களுக்கு அந்த அடிப்படை 100-ஐ எல்லா ரூட்டரிலும் ஒரே மாதிரி உயர்த்தி வைக்க வேண்டும். வைவாவில் கேட்பார்கள்!)

ஓ.எஸ்.பி.எஃப். போடுவது பெல்மேன் கணக்கு அல்ல, ஹாலந்து நாட்டு டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்கு. அங்கே ஒவ்வொரு ரூட்டரும் முழு மேப்பையும் கையில் வைத்துக்கொண்டு தானே வழி பார்க்கும். அர்பாநெட்டும் 1979-இல் இந்த வகைக்கு மாறியது. ஆனால் இரண்டு கணக்கிலும் அடிப்படை உண்மை ஒன்றுதான். சிறந்த வழியின் மீதிப் பகுதியும் சிறந்த வழிதான். பெல்மேன் பிடித்த அந்த நூல் எங்கும் அறுபடவில்லை.

ஆக, எக்ஸாமினர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். குறுகியது என்றால் எதில் என்பதை ரூட்டர் முடிவு செய்வதில்லை, மெட்ரிக்கை அமைத்த மனிதன் முடிவு செய்கிறான். எண்ணுவது எதை என்று நாம் சொல்ல வேண்டும். கூட்டுவதை அது பார்த்துக்கொள்ளும்.

நின்ற இடத்திலிருந்து

1965-இல் பெல்மேன் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கணிதம், மின் பொறியியல், மருத்துவம் என்று மூன்று துறைகளுக்கும் சேர்த்து! இரண்டு ஆய்வுப் பத்திரிகைகளையும் தொடங்கினார்.

1973-இல் அவருக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள். ஆனால் அதன் பின்விளைவுகளால் உடல் கடுமையாக முடங்கிப்போனது. 53 வயது. செய்தது போதும் என்று உட்கார்ந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் உட்காரவில்லை. அந்த உடம்போடு மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். வாழ்நாள் கணக்கு 600 கட்டுரைகளுக்கு மேல், சுமார் 40 புத்தகங்கள். 1979-இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. தன் மிக உயர்ந்த விருதான கௌரவப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1984 மார்ச் 19 அன்று 63-ஆம் வயதில் காலமானார். அவருடைய சுயசரிதையும் அதே 1984-இல்தான் வெளிவந்தது.

எப்படி வந்து சேர்ந்தோம் என்பது முடிந்த கதை, நிற்கிற இடத்திலிருந்து மீதி வழி சிறந்ததா என்பது மட்டுமே கேள்வி என்று கணிதத்தில் எழுதியவர், அந்தக் கணக்கைத் தன் உடம்பிலேயே போட்டுக் காட்டிவிட்டார். அவருடைய ஆசிரியர் கைகளை இழந்து நின்ற இடத்திலிருந்து போட்டதும் இதே கணக்குதானே?

நண்பர்களே, எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நம்மில் பலரும் அப்படித்தான். அடுத்து என்ன படிப்பது, எந்த ஃபாரம் வாங்குவது என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. முழு மேப் நம் கையில் இல்லை. முன்னெல்லாம் இதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வராது. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்ததையும், இங்கிலீஷ் வராததையும் சேர்த்து நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன். பெல்மேனைப் படித்த பிறகு ஒன்று புரிந்தது. முழு மேப் வேண்டியதில்லை. நமக்கு ஒரு அடி முன்னால் போன சீனியர் அண்ணன், அக்காமார்களிடம் கேட்க வேண்டும். லேப் சாரிடம் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதோடு நம் வீட்டு நிலைமையின் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அவர் சொல்வது நம்மிடமிருந்தே போன வதந்தியாகவும் இருக்கலாம். கிட்டே தெரிகிற வழிதான் நல்ல வழி என்றும் நம்பிவிடக் கூடாது. வந்த வழியில் போன மார்க் திரும்பி வராது. இன்று நிற்கும் இடத்திலிருந்து கணக்குப் போட்டால் போதும்.

அடுத்த ஆண்டு புதிதாக வரும் தம்பி, தங்கைகள் நம்மிடம் வந்து கேட்பார்கள். அப்போது நாம்தான் அவர்களுக்குப் பக்கத்து ரூட்டர். சரியான எண்ணைச் சொல்லி அனுப்புவோம்.



இரண்டாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை